செங்கோட்டுச் சாமி பேர்

சிறுத்தை மரத்தின் மேல்தான் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டி, யாரும் எழுந்திருக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, அது இறங்குகிறபோது இறங்கும் என்று நிதானமான இங்கிலீஷில் சொல்லிவிட்டு முன்சீட்டில் அசையாமல் உட்கார்ந்துவிட்டான் லெமாயன். இந்த மசாய் மாராக் காட்டில் இவர்களுக்கு வழிகாட்டி, டிரைவர் எல்லாம் அவன்தான். பின்சீட்டில் அர்த்தநாரியும் அவர் சம்சாரம் கலாமணியும், ஒரே கம்பளிக்குள். அர்த்தநாரியைச் சும்மா உட்காரச் சொல்வது அவரைக் கட்டிப்போடுவதற்குச் சமம். காங்கயத்தில் தேங்காய்க் களம் போட்டவன் எவனாவது சும்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா. உடைத்த தேங்காய் களம் நிறையக் காய்ந்துகொண்டிருக்கும்போது ஆகாயத்தில் கையகல மேகம் தென்பட்டால் போதும், தார்ப்பாயை எடு, ஆளைக் கூப்பிடு என்று ஓட வேண்டும். ஆயுசு முழுக்க மேலே பார்த்தே பழகிய கண் இங்கேயும் மரத்தைப் பார்க்காமல் கிழக்கே திரண்ட மேகத்தையே பார்த்தது. அது யார் களத்தில் பெய்தால் இவருக்கென்ன. மழை போகட்டும், இந்தக் காட்டைத்தான் பாருங்களேன், முழங்கால் உயரப் புல், அங்கொன்று இங்கொன்றாகக் குடை பிடித்த மாதிரி வேல மரம், இதற்கா கடல் தாண்டி வர வேண்டும், காங்கயத்தைச் சுற்றி ஆடுமாடு மேய்கிற கொரங்காடு பூராவும் இப்படித்தானே இருக்கிறது, கிளுவை வேலி ஒன்றுதான் குறைச்சல். வந்த அன்றைக்கே அதைச் சொன்னார். கலாமணியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, வரிக்குதிரையைக் காட்டி, "ஏனுங்க, அந்தக் கழுதைக்கெல்லாம் ஆரு பெயிண்ட் அடிச்சு உட்டாங்க" என்றாள். அது பழைய கலாமணிதான், சந்தேகமே இல்லை, ஒரு வார்த்தை சொன்னாலும் சுருக்கென்று சொல்கிறவள். அப்படித்தான் அன்றைக்கு நினைத்தார். ராத்திரி படுத்த பிறகுதான், அவள் நிஜமாகவே கேட்டிருந்தால் என்று ஒரு எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. இன்னும் எழுந்திருக்கக் காணோம்.

கம்பளிக்குள்ளே மடியில் சூடாக ஏதோ இருந்தது. சுடுதண்ணிப் பை. விடியற்காலைக் குளிருக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள், கல்யாண ஜோடிக்குச் செய்கிற உபசாரத்தில் இதுவும் ஒன்று. கல்யாண ஜோடி. அதை நினைத்தால் அர்த்தநாரிக்கு இப்போதும் காது சூடாகிறது. அவருக்கு அறுபது முடிந்து, திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. நம்மூரில் அறுபதாம் கல்யாணம் என்றால் பேரப்பிள்ளைகள் அட்சதை போடுகிற கல்யாணம். மெல்போர்னில் இருக்கும் மகள் சுகன்யா, அம்மாவும் நீங்களும் ஒரு ஊர் பார்த்ததில்லை, இது என்னுடைய சீர் என்று இந்தப் பயணத்தைப் போட்டுக் கொடுத்தாள். பயணம் ஏற்பாடு செய்த கம்பெனிப் பிள்ளை போனில் என்ன விசேஷம் என்று கேட்டிருக்கிறது, இவர் வெள்ளந்தியாக, கல்யாணம் ஆச்சுங்க, போன மாசந்தான் என்று சொல்லிவிட்டார். அது அப்படியே எழுதி அனுப்பிவிட்டது. வந்து இறங்கினால் கட்டிலெல்லாம் ரோஜா இதழ், துண்டை மடித்து மூக்கோடு மூக்கு உரசுகிற இரண்டு கொக்கு, வெட்டவெளியைப் பார்த்த மரத்தளத்தில் கதவே இல்லாத குளியல் தொட்டி, இரண்டு பேர் சேர்ந்து குளிப்பதற்காம். கலாமணி அதில் சேலையை நனைத்துத் துவைத்து, பலகைக் கைப்பிடியில் உலரப் போட்டாள். சாயங்காலம் ஆற்றங்கரையில் மேஜை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, எதிரே நீர்யானை கொட்டாவி விட, மாப்பிள்ளை பெண் இரண்டு பேருக்கும் சிப்பந்திகள் கை தட்டிப் பாட்டுப் பாடினார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், பெண் பார்க்க வந்த அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே. அவருக்கு அப்போது கண் கலங்கிவிட்டது. பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்து அவர் தட்டில் போட்டாள். எனக்குக் காரம் ஆகாது, குறைத்துப் போடு என்று சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை, குறைத்துத்தான் போடுவாள். அன்றைக்கு நிறையப் போட்டாள். அவர் வழித்துத் தின்றார். இருட்டில் தெரியாமல் போட்டிருப்பாள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் எது தெரியும்.

லெமாயன் திரும்பி, "சரிதானே, மிஸ்டர் ஏனுங்க" என்று கிசுகிசுத்தான். குளிர் தாங்குகிறதா என்று கேட்கிறான். இவர் தலையாட்டினார். வந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு இவர் மிஸ்டர் ஏனுங்கதான். கலாமணி வாய்க்கு வாய் ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிடுவதைக் கேட்டு, இதுதான் மனுசன் பேர் என்று எடுத்துக்கொண்டுவிட்டான். திருத்த வேண்டும் என்று இவருக்குத் தோன்றவில்லை. பார்க்கப்போனால் அதுதானே பேர். முப்பது வருசத்துக்கு மேலாக வீட்டில் அவரை வேறு எப்படி யார் கூப்பிட்டார்கள். அம்மா போன பிற்பாடு அர்த்தநாரி என்று கூப்பிடுவது பேங்குக்காரர்களும் கரண்டு ஆபீசும்தான். ஆனால் ஏனுங்க என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை நினைக்க வேண்டாம் என்றுதான் சிறுத்தையைப் பார்க்க வந்தது, சிறுத்தை இறங்கமாட்டேன் என்கிறதே. எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஏனுங்கதான். பஸ் கண்டக்டர் ஏனுங்க, காய்கறிக்காரர் ஏனுங்க, வழி கேட்கிற ஆள் ஏனுங்க. முன்னே பின்னே தெரியாத ஆளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறபோது கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும், ஏனுங்கோவ் என்று, சமையற்கட்டிலிருந்து களம் வரைக்கும் எட்டும், அதில் கொஞ்சம் அதட்டல்கூட இருக்கும். அந்த இழுப்பு இப்போது இருக்கிறதா. கழுதைக்கு ஆரு பெயிண்ட் அடிச்சாங்க என்றபோது இருந்ததா. எத்தனை முறை மனசுக்குள் போட்டுக் கேட்டுப் பார்த்தாலும், ஒருமுறை இருந்த மாதிரி இருக்கிறது, மறுமுறை கண்டக்டரைக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

புறப்படுவதற்கு முன்னால் கோயமுத்தூரில் கலாமணியின் ஞாபகத்தைச் சோதித்த அந்த டாக்டர் பெண் நல்ல பெண்தான், சிரித்த முகம். என்ன கிழமைம்மா என்றாள், சொன்னாள் கலாமணி. இது என்ன ஊர், சொன்னாள். மூன்று பொருளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டாள், அதை யார்தான் விடமாட்டார்கள், அர்த்தநாரியே இரண்டை விட்டுவிட்டார். பிறகு அந்தப் பெண் இவரைக் காட்டி, இவர் பேர் என்னம்மா என்றாள். கலாமணி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள். சொல்லுங்கம்மா. திரும்பவும் சிரிப்பு. இவர் பொறுக்கமாட்டாமல், எங்க பக்கம் பேர் சொல்ல மாட்டாங்க டாக்டர், வெக்கப்படறா என்று குறுக்கே விழுந்தார். டாக்டர் எதையோ எழுதினாள். வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டு, நீ கேளு இந்தக் கூத்தை, புருசன் பேரைச் சொல்லலீன்னு ஞாபக மறதிங்கறாங்க, அப்படிப் பார்த்தா நம்ம ஊர்ல பாதிப் பொம்பளைக்கு ஞாபக மறதி என்று சிரித்தார். சுகன்யா சிரிக்கவில்லை. "அப்பா, அம்மா சொல்லலையா, இல்ல அம்மாவுக்குத் தெரியலையா" என்றாள். "ஊருக்கு வந்ததும் திரும்பக் கூட்டிட்டுப் போங்க. அப்பவும் சொல்லலீன்னா நான் அம்மாவை இங்க கூட்டிக்கறேன். உங்களால தனியாப் பாத்துக்க முடியாதுப்பா." கூட்டிக்கொள்வாளாம். என்னவோ சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரி. பேர் சொல்லாத பழக்கம் எதில் சேர்த்தி, பேர் மறந்த சீக்கு எதில் சேர்த்தி, இரண்டையும் வெளியே இருந்து பார்த்தால் ஒரே சிரிப்புத்தானே. அதுதான் இவருக்குப் பிடிமானம். அதைத்தான் இவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால், அந்த ஆனால் இருக்கிறதே, அதுதான் தூங்கவிடமாட்டேன் என்கிறது. எந்த ஆபீசில் யார் கேட்டாலும் கலாமணி வெறுமனே நின்றதில்லை. சுகன்யா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்சு கேட்டாள், ரேஷன் கார்டுக்காரர் கேட்டார், ஓட்டுச் சாவடியில் கேட்டார்கள். எல்லாரிடமும் டக்கென்று பதில் வரும். "செங்கோட்டுச் சாமி பேருங்க." திருச்செங்கோட்டு மலையில் பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கிற அர்த்தநாரீசுவரர் பேர். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். பேரும் சொன்னதாயிற்று, வாயும் சுத்தம். அந்த டாக்டரிடம் அதை ஏன் சொல்லவில்லை. கூச்சம் பேரைத்தானே தடுக்கும், குறிப்பை ஏன் தடுக்க வேண்டும். சின்னப் பெண், செங்கோட்டுச் சாமியெல்லாம் இவளுக்கெங்கே தெரியும் என்று நினைத்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாவிட்டால்.

அவளாவது, மறப்பதாவது. ஊரே சிரித்த கதை இருக்கிறதே. பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் இரண்டாங் கிளாசுக்கு டீச்சராக இருந்தபோது, ஒரு வருசம் அவள் வகுப்பில் ஒரு அர்த்தநாரி வந்து சேர்ந்தான். காலையில் பேர் கூப்பிட வேண்டுமே. அருக்காணி என்பாள், உள்ளேன் டீச்சர். அடுத்து அவன். கலாமணி டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் வைத்து ஒரு இருமல் இருமுவாள். அவன் எழுந்து உள்ளேன் டீச்சர் என்பான். அப்படிப் பழக்கியிருந்தாள். பசங்கள் சும்மா விடுவார்களா, அவனுக்கு இருமல் என்றே பேர் வைத்துவிட்டார்கள். ஒரு நாள் அவன் அம்மா அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகளையும் பேர் சொல்லிக் கூப்பிடறீங்களாம், இவனை மட்டும் கூப்பிடறதில்லையாம், பள்ளிக்கூடமே போகமாட்டேன்னு அழுவறான், என்னுங் டீச்சர் எம்பையன் தப்புப் பண்ணினான். கலாமணி காரணத்தை அவள் காதில் சொன்னாள். அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பையனுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை, டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு ராத்திரி கலாமணி சோறு சரியாகத் தின்னவில்லை. "பாவமுங்க அவன், ஒருக்காவாச்சும் கூப்பிடலாம்னு வாயெடுக்கறேன், நீங்க எதுக்க நிக்கற மாதிரியே இருக்குது" என்றாள். கூப்பிட்டாளா. கூப்பிடவில்லை. வருசம் பூராவும் இருமியே ஒப்பேற்றினாள். அவ்வளவு அழுத்தக்காரி, ஒரு டாக்டர் பெண் கேட்டால் சொல்லிவிடுவாளா. சொல்லமாட்டாள். சரி, அப்படியென்றால் ஓய்வு பெற இன்னும் காலம் இருக்கும்போதே வேலையை ஏன் விட்டாள். முட்டி வலி என்றாள். இவரும் முட்டிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை, இவரும் போய்க் கேட்கவில்லை. முட்டியைப் பற்றி அப்புறம் அவள் பேசியதாக ஞாபகமே இல்லை.

பக்கத்தில் இன்னொரு ஜீப்பு சத்தமில்லாமல் வந்து நின்றது, அதில் நிஜமான கல்யாண ஜோடி, வெள்ளைக்காரப் பிள்ளைகள், ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்துகொண்டு ஒரே பைனாகுலரில் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மரத்தில் ஏதோ அசைந்தது. இலையா, வாலா. அர்த்தநாரி பார்வையைத் திருப்பிக் கலாமணியைப் பார்த்தார். சுடுதண்ணிப் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, நேராக, பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். அந்தப் பொறுமைதான் இவரைப் பயமுறுத்தியது. கலாமணி பொறுமைசாலி கிடையாது. இந்நேரம் பழைய கலாமணி, ஏனுங்க, அது எறங்கறப்ப எறங்கட்டும், காப்பியைக் குடிச்சுட்டுப் போலாம் வாங்க என்றிருப்பாள். அறுபதாம் கல்யாணத்தில் தாலி கட்டப் போகும்போது இவர் காதருகே குனிந்து, "பொண்ணு ஆருங்க" என்று கேட்டாளே. அதைச் சொல்லிச் சொல்லிப் பந்தி முழுக்கச் சிரித்தார் இவர், பாருங்க குசும்பை என்று. நேற்றுச் சாயங்காலம் நீர்யானையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பி இவரைப் பார்த்து, "அவரு வந்துட்டாருங்களா" என்றாள். அவரு. லெமாயனைக் கேட்கிறாள் என்று நினைத்து, வந்துட்டாரு வந்துட்டாரு என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் உறைத்தது. லெமாயனை அவள் தம்பி என்றுதான் சொல்வாள். பேர் சொல்லாத பொம்பளைக்கு உலகத்தில் ஒரே ஒரு அவருதானே. அந்த அவரு வந்துட்டாரா என்று அந்த அவரிடமே எதற்காகக் கேட்க வேண்டும். வந்துவிட்டார் என்று சொன்னதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. யாரோ ஒரு நல்ல மனுசன் வந்து சேர்ந்துவிட்டான் என்கிற நிம்மதி. அந்த நல்ல மனுசன் மேல் இவருக்குப் பொறாமையாக இருந்தது, அந்த மனுசன் தானேதான் என்றாலும்.

கேட்டுவிட்டால் தீர்ந்தது. கலா, எம்பேர் என்ன சொல்லு. எத்தனை நேரம் ஆகும் இதைக் கேட்க. விமானத்தில் கேட்கலாம் என்று வாயெடுத்தார், சாப்பாடு வந்துவிட்டது. ரோஜா இதழையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் படுத்தபோது கேட்கலாம் என்று திரும்பினார், தூங்கிவிட்டாள். தூங்கியிருக்காவிட்டாலும் கேட்டிருக்கமாட்டார் என்பது அவருக்கே தெரியும். கேட்காத வரைக்கும் அவளுக்குத் தெரியும், சொல்லாமல் இருக்கிறாள். கேட்டு, அவள் சிரித்துவிட்டால், அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார். எந்த ஊருக்குத் திரும்பிப் போவார். அப்போதுதான் லெமாயன் முன்சீட்டிலிருந்து, வந்தவர்கள் பேர் எழுதிய ஒரு காகிதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினான். சும்மா காத்திருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசி வைக்க வேண்டும் என்கிற மரியாதை அவனுக்கு. "இதில் வேறு பேர் போட்டிருக்கிறது" என்றான் மெதுவாக. "உங்களுக்கு இரண்டு பேரா, மிஸ்டர் ஏனுங்க? எங்களிலும் உண்டு. எதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்?" இவர் பதில் சொல்வதற்குள், கள்ளமில்லாத பிள்ளை, சிரித்த முகமாகக் கலாமணியின் பக்கம் திரும்பி, எளிதான இங்கிலீஷில் கேட்டுவிட்டான். "மேடம், இவர் பேர் என்ன?"

அர்த்தநாரியின் நாக்கு தானாகவே எழுந்தது. கொஞ்ச காலமாக யார் என்ன கேட்டாலும் அவள் திணறுவதற்குள் முந்திக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. டாக்டரிடமும் அப்படித்தான் முந்தினார். முந்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், தெரிந்துவிடக் கூடாது என்றுதானே முந்தினார். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று களத்து மழைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. கலாமணி அவரைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முந்தானையை இழுக்கவில்லை. செங்கோட்டுச் சாமி என்று சொல்லு, சொல்லு, மலை என்றாவது சொல்லு, இல்லாவிட்டால் ஒரு இருமல் இருமு, அது போதும் எனக்கு, ஆயுசுக்கும் போதும் என்று இவர் உள்ளுக்குள் கெஞ்சினார். அவள் முதுகை நிமிர்த்தினாள். தாடை கொஞ்சம் உயர்ந்தது.

"அர்த்தநாரி" என்றாள்.

கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல். இவருக்கு முதலில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருக்கிறது, உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஒரு நாளும் எடுக்காத நகை மாதிரி அப்படியே இருக்கிறது, சுகன்யா, கேட்டாயா, உங்கம்மா சொல்லிவிட்டாள். அந்தச் சந்தோசம் தொண்டைக்கு வருவதற்குள் இன்னொன்று வந்து வழியில் நின்றது. எப்படிச் சொன்னாள். கூச்சமே இல்லாமல் எப்படிச் சொன்னாள். பேர் ஞாபகம் இருக்கிறவள், அதைச் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துத்தானே ஞாபகம் வைத்திருப்பாள். பேர் மட்டும் இருக்கிறது, அந்தப் பேருக்குப் பின்னால் நின்ற ஆள் போய்விட்டானா. சொன்னதால் மறக்கவில்லை, சொன்னதனாலேயே மறந்துவிட்டாள். லெமாயன், "ஓ, மிஸ்டர் அர்த்தநாரி" என்று சந்தோசமாகத் தலையாட்டினான். கலாமணி அவனைக் கவனிக்கவில்லை. இவரையும் பார்க்கவில்லை, இவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி அந்தப் புல்வெளியின் மேல் கண்ணை ஓட்டினாள்.

"அர்த்தநாரி. வந்துருக்கானா இல்லியா?"

அன்றைக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற அந்தப் பையனை, கடைசியில், இத்தனை வருசம் கழித்து, டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். எதிரே நின்று தடுத்தவர்தான் இப்போது இல்லை. அர்த்தநாரி கையைத் தூக்கினார். "உள்ளேன் டீச்சர்" என்றார். காற்றுத்தான் வந்தது, குரல் வரவில்லை.

"கேக்குல. எந்திரிச்சு நின்னு சொல்லு."

நீங்க வாங்க என்றே கேட்டுப் பழகிய காதில் சொல்லு என்பது வந்து விழுந்தது. அவர் கம்பளியைத் தள்ளினார், சுடுதண்ணிப் பை காலடியில் விழுந்தது. முன்சீட்டில் லெமாயன் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினான். அர்த்தநாரி திறந்த ஜீப்பில் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அந்தக் காடு பூராவும் கேட்கிற மாதிரி, "உள்ளேன் டீச்சர்" என்றார். பக்கத்து ஜீப்புக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மரத்திலிருந்து மஞ்சளாக ஏதோ ஒன்று குதித்துப் புல்லுக்குள் ஓடிப்போயிற்று. உட்காருங்கள், மிஸ்டர் அர்த்தநாரி, தயவுசெய்து உட்காருங்கள் என்று லெமாயன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அவர் உட்காரவில்லை. டீச்சர் இன்னும் உட்காரச் சொல்லவில்லை.